22 நாள் இடைவெளியில் இரண்டு ஆய்வுகள்

பாஸ்டன் நகரில் முதியோருக்கான ஹீப்ரூ மறுவாழ்வு மையத்தில் நிரந்தரமாகத் தங்கியிருந்த 10 பேரை மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் இளையவருக்கு வயது 86, மூத்தவருக்கு 96. மூட்டுத் தேய்மானம், இதய நோய், பழைய எலும்பு முறிவு என்று ஆளுக்கொரு நோய்ப் பட்டியல் இருந்தது. நடக்கக் கைத்தடியோ நடைச்சட்டமோ வேண்டியவர்கள் பலர். இப்படிப்பட்டவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்காலை நீட்டி எடை தூக்கச் சொன்னார்கள். பேருக்குக் கட்டிய எடை இல்லை அது. ஒருவர் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடை எவ்வளவோ அதில் 80 விழுக்காடு. வாரம் 3 நாள், மொத்தம் 8 வாரம்.

ஒன்பது பேர் பயிற்சியை முடித்தார்கள். அவர்களுடைய கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது. அதாவது முன்பிருந்ததைப் போல ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு. ஒரு காலின் குதிகாலுக்கு முன்னால் மறுகாலின் விரலை வைத்து நேர்கோட்டில் நடக்கும் வேகம் 48 விழுக்காடு உயர்ந்தது. இரண்டு பேர் கைத்தடியைக் கீழே வைத்துவிட்டார்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாதிருந்த 3 பேரில் ஒருவர் தானாக எழுந்தார். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழான ‘ஜாமா’வில் இந்த முடிவுகள் 1990 ஜூன் 13 அன்று வெளியாயின.

சரியாக 22 நாள் கழித்து, ஜூலை 5 அன்று, ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் இன்னொரு ஆய்வு வந்தது. டேனியல் ரட்மன் என்ற மருத்துவருடையது. 61 முதல் 81 வயது வரையிலான 21 ஆண்கள் அதில் பங்கேற்றார்கள். 12 பேருக்கு 6 மாதம், வாரம் 3 முறை, மனித வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடப்பட்டது. மற்ற 9 பேருக்கு ஊசி இல்லை. முடிவில், ஊசி போட்டவர்களின் உடலில் கொழுப்பு நீங்கலான எடை 8.8 விழுக்காடு கூடியிருந்தது, கொழுப்பு 14.4 விழுக்காடு குறைந்திருந்தது. 10 முதல் 20 ஆண்டு மூப்பில் உடலில் நேரும் மாற்றத்துக்கு இணையான அளவு இது என்று கட்டுரையில் ஒரு வாக்கியம் எழுதப்பட்டிருந்தது. மாற்றத்தின் திசை எதிர்ப்புறம்.

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. ‘20 ஆண்டு இளமை’ என்று விளம்பரங்கள் கிளம்பின. மூப்பை நிறுத்துவதாகச் சொல்லும் மருத்துவ மையங்கள் அமெரிக்காவெங்கும் முளைத்தன. வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டுவதாகச் சொல்லி மாத்திரையும் தெளிப்பானும் விற்றார்கள். கடைசியில் அந்த இதழே 2003இல் ஆசிரியர் பக்கத்தில் இதைக் கண்டிக்க வேண்டியதாயிற்று. தம் இதழில் வந்த ஆய்வைக் காட்டி இப்படி விற்பது தகாத செயல் என்று ஆசிரியர் ஜெஃப்ரி டிரேசன் எழுதினார். பழைய கட்டுரையைத் தேடி வருபவர்கள் கண்ணில் படும்படி அந்தக் கண்டனம் கூடவே இணைக்கப்பட்டது.

பாஸ்டன் ஆய்வுக்கு விளம்பரம் செய்ய யாரும் இல்லை. இரும்பு எடையை எந்த மருந்து நிறுவனமும் காப்புரிமை பெற்று விற்க முடியாது. அடுத்து வந்த 35 ஆண்டுகளில் இந்த இரண்டு பாதைகளும் முதியவர்களுக்கு என்ன தந்தன என்று அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ஹார்மோன் மீதுள்ள ஆசை 1990இல் தொடங்கியதில்லை. 1889 ஜூன் 1 அன்று பாரிஸ் நகரின் உயிரியல் கழகத்தில், மொரீஷியஸ் தீவில் பிறந்தவரும் நரம்பியலில் பெரும்புகழ் பெற்றவருமான சார்லஸ் எட்வார்ட் பிரவுன்-செக்கார் எழுந்து பேசினார். அப்போது அவருக்கு வயது 72. நாய், கினிப் பன்றி ஆகியவற்றின் விதைகளை அரைத்து எடுத்த சாற்றைத் தனக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டதாகவும், இழந்த வலிமை திரும்பிவிட்டதாகவும் அவர் அறிவித்தார். கையின் பலத்தைக் கருவி வைத்து அளந்திருந்தார். மாடிப்படிகளை இளைஞனைப் போல ஏறுவதாகச் சொன்னார். அவர் தயாரித்த விதத்தில் அந்தச் சாற்றில் டெஸ்டோஸ்டிரான் ஏறக்குறைய இருந்திருக்கவே முடியாது. அந்த ஹார்மோன் நீரில் கரைவது மிக அரிது, அவர் பயன்படுத்தியதோ நீர். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2002இல் அதே முறையில் சாறு தயாரித்துப் பார்த்து இதை உறுதிசெய்தார்கள். அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். நம்பிக்கை அவரை மாடியேற்றியது. முதுமை ஆய்வில் வெற்று மருந்து போட்ட ஒரு குழுவையும் கூடவே வைத்துப் பார்ப்பது ஏன் இன்றியமையாதது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

‘ஹார்மோன்’ என்ற சொல்லையே எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1905இல்தான் உண்டாக்கினார். 1935இல் டெஸ்டோஸ்டிரான் ஆய்வகத்தில் தயாரானது. பிறகு ஒவ்வொரு ஹார்மோனும் வயதோடு எப்படிக் குறைகிறது என்று அளந்து வரைபடம் போட்டார்கள். வளர்ச்சி ஹார்மோன், டெஸ்டோஸ்டிரான், அட்ரினல் சுரப்பியின் டிஎச்இஏ ஆகிய எல்லாம் இறங்குமுகம். மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் செங்குத்தாக விழுகிறது. குறைவதை ஊற்றி நிரப்பினால் இளமை திரும்பும் என்ற எண்ணம் இந்த வரைபடங்களைப் பார்த்த எவருக்கும் இயல்பாகவே வரும். அந்த எண்ணத்தில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. தலைமுடியும் வயதோடு நரைக்கிறது. சாயம் பூசினால் வயது குறைவதில்லை. ஒன்று குறைவதும் மூப்பு வருவதும் ஒரே காலத்தில் நடப்பதால், முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது.

ரட்மனுடைய ஆய்வுக்கே திரும்புவோம். அதில் கொழுப்பை அளந்தார்கள், தோலின் தடிமனை அளந்தார்கள், முதுகெலும்பின் அடர்த்தியை அளந்தார்கள். பலத்தை அளக்கவில்லை. அந்த 12 பேரையும் யாரும் ஒரு மாடிப்படி ஏறச் சொல்லிப் பார்க்கவில்லை.

அந்த அளவீட்டைச் சான் பிரான்சிஸ்கோவில் மாக்சின் பாபடாகிஸ் குழுவினர் செய்து 1996இல் வெளியிட்டார்கள். 69 வயதைத் தாண்டிய ஆரோக்கியமான 52 ஆண்கள், 6 மாதம் ஊசி. ரட்மன் சொன்னது போலவே கொழுப்பில்லாத எடை 4.3 விழுக்காடு கூடியது, கொழுப்பு 13 விழுக்காடு குறைந்தது. ஆனால் தொடையின் பலத்திலும், கைப்பிடியின் பலத்திலும், களைப்பின்றி இயங்கும் திறனிலும் வெற்று மருந்து பெற்றவர்களைவிட ஊசி போட்டவர்கள் ஒரு படியும் மேலே போகவில்லை. கூடுதலாகக் கிடைத்தவை கால் வீக்கமும் மூட்டுவலியும். கூடிய எடையில் ஒரு பகுதி தசையே இல்லை, உடலில் தங்கிய நீர்.

இன்னும் நுட்பமான கேள்வியை 1994இல் டென்னிஸ் டாஃப் குழுவினர் எழுப்பியிருந்தார்கள். எடைப்பயிற்சி செய்பவருக்கு ஊசியும் போட்டால் பலம் மேலும் கூடுமா? 18 முதியவர்களுக்கு 14 வாரம் பயிற்சி கொடுத்து, பலம் உயர்ந்து ஓரிடத்தில் நின்ற பிறகு, பாதிப் பேருக்கு ஊசியும் மீதிப் பேருக்கு வெற்று மருந்தும் தந்து 10 வாரம் பயிற்சியைத் தொடர்ந்தார்கள். ஊசியால் பலம் கூடவில்லை.

2002இல் மார்க் பிளாக்மன் நடத்திய பெரிய ஆய்வில், 65 முதல் 88 வயது வரையிலான ஆண்களில் வளர்ச்சி ஹார்மோன் பெற்றவர்களில் 18 பேருக்குச் சர்க்கரை நோயோ அதன் முன்நிலையோ வந்தது. பெறாதவர்களில் 7 பேருக்கு. சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் சமூகத்தில் இந்த ஊசியை ‘இளமை ஊசி’ என்று யாராவது பரிந்துரைத்தால் அது பெருங்கேடு.

ஈக்வடார் நாட்டின் தெற்கு மலைகளில் வாழும் சிலரின் கதை இதற்கு நேர்மாறான திசையைக் காட்டுகிறது. பிறவியிலேயே வளர்ச்சி ஹார்மோனை உடல் ஏற்க முடியாத மரபுக் குறைபாடு உள்ளவர்கள் அவர்கள். மிகக் குள்ளமானவர்கள். ஜெய்மி குவேரா-அகீர் என்ற மருத்துவர் அவர்களில் ஏறத்தாழ 100 பேரை 22 ஆண்டு கவனித்து, வால்டர் லாங்கோவுடன் சேர்ந்து 2011இல் எழுதினார். அவர்களில் ஒருவருக்குக்கூடச் சர்க்கரை நோய் வரவில்லை. புற்றுநோய் ஒரே ஒருவருக்கு வந்து, அவரும் பிழைத்தார். குறைபாடு இல்லாத அவர்களுடைய உறவினர்களில் 17 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் இருந்தது. விபத்தாலும் குடியாலும் பலர் இறந்ததால் அவர்களுடைய ஆயுள் நீளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் வளர்ச்சி ஹார்மோன் கூடினால் வாழ்வு நீளும் என்ற நம்பிக்கைக்கு இந்த மலைமக்கள் இடம் கொடுக்கவில்லை. ஆய்வகத்தில் இந்த ஹார்மோன் இல்லாமல் பிறக்கும் குட்டையின எலிகள் சாதாரண எலிகளைவிட அதிக நாள் வாழ்கின்றன.

டிஎச்இஏ பற்றி நீட்ட வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1994இல் வந்த ஒரு சட்டத்தால் அது மருந்தென்ற வரையறையிலிருந்து நழுவி, ‘உணவுத் துணைப்பொருள்’ என்ற பெயரில் மளிகைக்கடை வரை வந்துவிட்டது. மேயோ மருத்துவமனையின் ஸ்ரீகுமாரன் நாயர் குழுவினர் 2 ஆண்டு கொடுத்துப் பார்த்து 2006இல் வெளியிட்ட முடிவு தெளிவானது. உடலமைப்பிலோ, உடல் திறனிலோ, வாழ்க்கைத் தரத்திலோ பயன் இல்லை.

டெஸ்டோஸ்டிரான் கதை அவ்வளவு எளிதில் முடியாது. அது உண்மையிலேயே தசை வளர்க்கும் ஹார்மோன். சுரப்பி பழுதாகி அது சுரக்காதவர்களுக்கு அவசியமான மருந்து. வயதானதால் மட்டும் அளவு குறைந்தவர்களுக்கு அது என்ன செய்யும் என்பதே கேள்வி. பீட்டர் ஸ்னைடர் தலைமையில் அமெரிக்காவின் 12 மையங்களில் நடந்த ஆய்வுத் தொகுப்பு இதற்காகவே அமைந்தது. 65 வயதைத் தாண்டிய, டெஸ்டோஸ்டிரான் மிகக் குறைந்த, அதற்கான தொந்தரவுகளும் உள்ள ஆண்களைத் தேடினார்கள். 51,085 பேரைச் சலித்ததில் தேறியவர்கள் 790 பேர். எங்கும் பரவிய குறைபாடு என்று விளம்பரங்கள் சொல்வது எவ்வளவு அரிதானது என்பதை இந்த எண்ணே சொல்கிறது.

ஓராண்டு ஜெல் பூசிய பின், 2016இலும் 2017இலும் முடிவுகள் வந்தன. பாலுறவு நாட்டம் ஓரளவு கூடியது. மனநிலை சிறிது மேம்பட்டது. நடைத்திறனைச் சோதிப்பதற்கென்றே அமைந்த ஆய்வில், 6 நிமிடத்தில் நடக்கும் தூரம் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. எல்லாப் பங்கேற்பாளர்களையும் சேர்த்துப் பார்த்தபோது மட்டும் சிறு முன்னேற்றம் தெரிந்தது. சுறுசுறுப்பு கூடவில்லை. நினைவாற்றலும் கூடவில்லை. எலும்பின் அடர்த்தி உயர்ந்தது, இரத்தசோகை குறைந்தது, இதயக் குழாய்களில் படிவு கூடியது.

எலும்பின் அடர்த்தி உயர்ந்தது என்ற செய்தியை நினைவில் வையுங்கள். 2023, 2024 ஆண்டுகளில் முடிவுகள் வந்த ‘டிராவர்ஸ்’ ஆய்வு 5,200க்கு மேற்பட்ட ஆண்களை ஏறத்தாழ 3 ஆண்டு தொடர்ந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் இதயத் துடிப்பு ஒழுங்கின்மையும் நுரையீரலில் இரத்தக்கட்டும் சற்றுக் கூடின. எலும்பு முறிவு குறையும் என்று எதிர்பார்த்தார்கள். வெற்று மருந்து பெற்றவர்களில் 2.46 விழுக்காட்டினருக்கு எலும்பு முறிந்திருந்தது. டெஸ்டோஸ்டிரான் பெற்றவர்களில் 3.50 விழுக்காட்டினருக்கு. படத்தில் எலும்பு அடர்ந்து தெரிந்தது, வாழ்க்கையில் அது அதிகமாக முறிந்தது.

இந்தத் துறையின் நோயே இதுதான் என்று எனக்குப் படுகிறது. எளிதில் அளக்க முடிவதை அளந்துவிட்டு, அளக்க நினைத்ததை அளந்துவிட்டதாக நம்பிவிடுகிறோம். ஸ்கேன் அறிக்கையில் எண் ஏறுகிறது, ஆள் நாற்காலியிலேயே இருக்கிறார்.

பெண்களின் ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை தனிக் கதை. அதை இந்தப் பட்டியலோடு சேர்த்துத் தள்ளிவிடக் கூடாது. 1966இல் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர் மாதவிடாய் நிற்பதையே ஒரு குறைபாட்டு நோயாகச் சித்திரித்து எழுதிய நூல் அமெரிக்காவில் பெருவிற்பனை கண்டது. கருவுற்ற குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன், இளமையைக் காக்கும் மாத்திரையாகப் பரவியது. இதயத்தையும் அது காக்கும் என்று நம்பிய மருத்துவ உலகம், ‘பெண்கள் நல முன்னெடுப்பு’ என்ற மாபெரும் ஆய்வில் 16,608 பெண்களைக் கொண்டு சோதித்தது. 2002 ஜூலையில் அது பாதியில் நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்து எடுத்த 10,000 பெண்களில் ஓராண்டுக்கு 8 பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய், 8 பேருக்குக் கூடுதலாகப் பக்கவாதம், 7 பேருக்குக் கூடுதலாக இதய நோய். இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்குக் குறைந்தது.

உலகமே அஞ்சி அந்த மாத்திரையைத் தூக்கி எறிந்தது. அதுவும் தவறுதான். அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்துப் பன்னிரண்டு ஆண்டு கடந்தவர்கள் பலர். உடல் தகிப்பும் இரவு வியர்வையும் தூக்கமின்மையுமாக அல்லல்படும் 48 வயதுப் பெண்ணின் கேள்விக்கு அந்த ஆய்வு நேரான விடையாகாது. 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், மாதவிடாய் நின்று 10 ஆண்டு ஆகாதவர்களுக்கும், வேறு தடைகள் இல்லையென்றால், தொந்தரவைத் தீர்க்க இச்சிகிச்சையின் நன்மை அதன் ஆபத்தைவிட அதிகம் என்பதே இன்றைய நிபுணர் கருத்து. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. ‘எல்லாருக்கும் வர்றதுதானே’ என்று சொல்லி அவர்களுடைய துன்பத்தை நாம் கடந்துபோகிறோம். துன்பத்துக்கு மருந்தாக ஹார்மோன் வேண்டியவர்களுக்கு அது கிடைக்க வேண்டும். மூப்புக்கு மருந்தாக அதை விற்பதைத்தான் ஏற்க முடியாது.

சென்னையிலோ மதுரையிலோ ஒரு சராசரி வீட்டில் வளர்ச்சி ஹார்மோன் ஊசி இருக்காது. இருப்பவை வேறு. மருந்து டப்பாவைத் திறந்தால் தைராய்டு மாத்திரையும், 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டும் இருக்கும். இரண்டுமே ஹார்மோன் கணக்கில் வருபவை. வைட்டமின் டி உண்மையில் தோலில் பிறந்து, கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் பக்குவப்பட்டு, தொலைவிலுள்ள குடலுக்கு ஆணையிடும் ஹார்மோன். அதன் குறைபாடு இந்தியாவில் பரவலாக இருக்கிறது. குறைபாடு உறுதியானால் மருத்துவர் சொல்லும் அளவில், சொல்லும் காலத்துக்கு எடுக்கத்தான் வேண்டும். ‘சத்து மாத்திரை’ என்று நினைத்து வருடக்கணக்கில் தொடர்வதில்தான் சிக்கல்.

சூரிக் நகரில், 70 வயதைத் தாண்டிய, முன்பு விழுந்த அனுபவமுள்ள 200 பேருக்கு ஹைக்கே பிஷோஃப்-ஃபெராரி குழுவினர் மாதம் ஒரு முறை வைட்டமின் டி கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு 24,000 யூனிட், இன்னொன்றுக்கு நம் ஊர்ப் பாக்கெட்டின் அதே 60,000. ஓராண்டில் 24,000 யூனிட் குழுவில் 47.9 விழுக்காட்டினர் விழுந்தார்கள். 60,000 யூனிட் குழுவில் 66.9 விழுக்காட்டினர். இதற்கு முன்பே, ஆண்டுக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் பெற்ற ஆஸ்திரேலிய மூதாட்டிகளிடம் விழுவதும் எலும்பு முறிவும் கூடியிருந்தன. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த ‘வைட்டல்’ ஆய்வில், குறைபாட்டுக்காகத் தேர்ந்தெடுக்கப்படாதவர்களுக்கு நாள்தோறும் 2,000 யூனிட் கொடுத்தும் எலும்பு முறிவு குறையவில்லை. தைராய்டு தூண்டு ஹார்மோன் சற்றே ஏறிய, மற்றபடி தைராய்டு அளவு சரியாக உள்ள 737 முதியவர்களிடம் ஐரோப்பாவில் ஓர் ஆய்வு நடந்தது. மாத்திரை போட்டவர்களின் களைப்பும் குறையவில்லை, வேறு தொந்தரவும் குறையவில்லை. மருத்துவர் சொல்லாமல் இவற்றை யாரும் நிறுத்திவிடக் கூடாது. ‘எனக்கு இது இன்னும் வேண்டுமா?’ என்று அடுத்த முறை அவரிடம் கேட்கலாம், கேட்க வேண்டும்.

இப்போது பாஸ்டனுக்குத் திரும்பலாம். முதலில் நான் ஓர் எண்ணைச் சொல்லாமல் விட்டேன். அந்த ஒன்பது பேருக்கு நடுத்தொடையின் தசைப் பரப்பு எவ்வளவு கூடியது? 9 விழுக்காடு. ரட்மனின் ஊசி கூட்டிய கொழுப்பில்லாத எடை 8.8 விழுக்காடு. ஒன்று தொடையின் தசைப் பரப்பு, மற்றது முழு உடலின் எடை. இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை என்பது உண்மை. இருந்தாலும் யோசித்துப் பாருங்கள். ஏறக்குறைய இதே அளவு வளர்ச்சி ஓரிடத்தில் வலிமையை இரண்டே முக்கால் மடங்காக்கியது. ஊசியால் வந்த வளர்ச்சியோ, பின்னால் பலத்தை அளந்து பார்த்தவர்களிடம் ஒன்றும் தரவில்லை.

காரணம் தசையில் மட்டும் இல்லை, நரம்பில் இருக்கிறது. முதுமையில் தண்டுவடத்திலுள்ள இயக்க நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. ஒரு நரம்பணு மடிந்தால் அது ஆண்டுவந்த தசை நார்கள் எல்லாம் அநாதையாகின்றன. பக்கத்து நரம்பு சிலவற்றைத் தத்தெடுத்துக்கொள்ளும். மற்றவை சுருங்கி மறையும். முதலில் போவது வேகமாகச் சுருங்கும் நார்கள். தடுக்கி விழப்போகும் நொடியில் காலைச் சட்டென்று முன்னே வைத்து நம்மைக் காப்பவை அவைதான். கனமான ஒன்றைத் தூக்க முயலும்போது மூளை தன் கையிருப்பிலுள்ள எல்லா நரம்பணுக்களையும் ஒருசேர அழைக்க வேண்டியிருக்கிறது. தூங்கிக்கிடந்த இணைப்புகள் விழிக்கின்றன. முதல் சில வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு இப்படி நரம்பு வழியாக வருவது. ஹார்மோன் ஊசியால் தசைக்கு உரமிட முடியலாம்; அந்தத் தசையைப் பயன்படுத்த மூளைக்குக் கற்றுக்கொடுக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. கோபன்ஹேகனில் பென்டே பெடர்சன் குழுவினர் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், சுருங்கி விரியும் தசையே பல வேதிச் செய்திகளை இரத்தத்தில் கலக்கிறது என்று காட்டினார்கள். அவை கல்லீரலையும் கொழுப்பையும் சென்றடைந்து வேலை செய்கின்றன. அவற்றுக்கு ‘மயோகைன்’ என்று பெயர். அப்படியானால் தசையும் ஒரு நாளமில்லாச் சுரப்பிதான். உழைக்கும்போது மட்டும் சுரக்கும் சுரப்பி.

ஹார்மோனும் பயிற்சியும் சேர்ந்தால் கூடுதல் பலன் கிடைப்பதே இல்லையா என்றால், சில ஆய்வுகள் கிடைக்கிறது என்கின்றன. டென்னிஸ் வில்லாரியல் 2006இல் வெளியிட்ட ஆய்வில் 56 முதியவர்கள் 10 மாதம் டிஎச்இஏவோ வெற்று மருந்தோ எடுத்து, கடைசி 4 மாதம் எடைப்பயிற்சியும் செய்தார்கள். டிஎச்இஏ எடுத்தவர்களுக்குத் தசையும் பலமும் சற்று அதிகமாகக் கூடின. இதை மறைப்பது நேர்மையில்லை. ஆனால் அந்த ஆய்விலும் வேலை செய்தது எடைதான். மாத்திரை அதன் பின்னால் போனது. பயிற்சி இல்லாத மாதங்களில் மாத்திரை மட்டும் அந்தப் பலத்தைத் தரவில்லை.

ஃபியாட்டரோன் குழுவினர் தம் ஆய்வை 100 பேரிடம் மறுபடி நடத்தி 1994இல் வெளியிட்டார்கள். சராசரி வயது 87. 10 வாரப் பயிற்சியில் பலம் 113 விழுக்காடு கூடியது. பயிற்சி செய்யாதவர்களுக்கு 3 விழுக்காடு. மாடி ஏறும் திறன் 28 விழுக்காடு உயர்ந்தது. பயிற்சி இல்லாமல் சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலம் கூடவில்லை. அதன் பிறகு 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேரிடம் நடந்த ‘லைஃப்’ ஆய்வு 2014இல் வெளிவந்தது. நடை, எடை, சமநிலை மூன்றும் சேர்ந்த பயிற்சி செய்தவர்களில் 30.1 விழுக்காட்டினர் 400 மீட்டர் நடக்கும் திறனை இழந்தார்கள். சுகாதார வகுப்பு மட்டும் கேட்டவர்களில் 35.5 விழுக்காட்டினர். வித்தியாசம் பிரமாண்டமானதில்லை. ஆனால் இப்படி ஒரு முடிவைக் காட்டிய இளமை ஊசி எதுவும் இன்றுவரை இல்லை. 108 ஆய்வுகளைத் தொகுத்த 2019ஆம் ஆண்டின் காக்ரேன் அறிக்கை, உடற்பயிற்சி முதியவர்கள் விழுவதை 23 விழுக்காடு குறைக்கிறது என்கிறது.

அதே அறிக்கையில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. விழுவதைக் குறைத்தவை சமநிலைப் பயிற்சியும் எழுந்து உட்காரும் வகைப் பயிற்சிகளும். வெறும் நடைப்பயிற்சிக்கு அந்தப் பலன் உறுதிப்படவில்லை. நம் ஊர்களில் ‘வாக்கிங்’ ஒன்றே உடற்பயிற்சி என்று ஆகிவிட்டது. நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, மனத்துக்கு மிக நல்லது. விட வேண்டாம். தொடையின் பலத்துக்கு அது மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது நடை போன்ற மிதமான இயக்கத்தோடு, 2 நாளாவது தசை வலுப்பயிற்சியும், 3 நாள் சமநிலைப் பயிற்சியும் சொல்கிறது. பின்னிரண்டையும் நாம் காதில் வாங்கவே இல்லை.

எலும்பு தேய்ந்தவர்கள் கனம் தூக்கலாமா என்ற பயம் நியாயமானது. ஆஸ்திரேலியாவில் பெலிண்டா பெக் குழுவினர் எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களில் ஒரு பகுதியினரை, பயிற்சியாளரின் நேரடி மேற்பார்வையில், வாரம் 2 நாள், 30 நிமிடம், கனமான எடை தூக்க வைத்தார்கள். 8 மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி 2.9 விழுக்காடு கூடியது. வீட்டில் இலேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 விழுக்காடு குறைந்தது. மேற்பார்வை என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். நெஞ்சுவலி, கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், அண்மையில் எலும்பு முறிவு, கண்ணில் இரத்தக்கசிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

மற்றவர்களுக்குத் தொடக்கம் வீட்டிலேயே இருக்கிறது. கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, எழுந்து எழுந்து உட்காரலாம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் நிற்கலாம். கணுக்காலில் கட்டும் மணல் பையோடு காலை நீட்டலாம். அரைக் கிலோவில் தொடங்கி, எளிதாகிவிட்டால் கூட்ட வேண்டும். கூட்டாமல் அதே எடையில் ஆண்டுக்கணக்கில் நின்றால் உடல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். நிறுத்தினாலோ இழப்பு விரைவு. பாஸ்டன் முதியவர்கள் பயிற்சியை விட்ட 4 வாரத்தில் வலிமை 32 விழுக்காடு குறைந்தது. கூடவே புரதம். முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்பது நிபுணர் பரிந்துரை. சிறுநீரகப் பழுது உள்ளவர்களுக்கு மருத்துவர் சொல்லும் அளவு. இரவில் இரண்டு இட்லியும் ஒரு கரண்டி சாம்பாரும் என்றிருப்பவருக்கு அது எட்டாது. சுண்டல், பருப்பு, முட்டை, மீன், தயிர் ஆகியவை தினமும் இலையில் விழ வேண்டும்.

நம் தாத்தா பாட்டிகள் தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டார்கள், தரையிலேயே படுத்தார்கள். ஒரு நாளில் இருபது முறை தரையிலிருந்து எழுந்தார்கள். தமக்குத் தெரியாமலே அவர்கள் செய்த தொடைப் பயிற்சி அது. சோபாவும் கட்டிலும் அதை எடுத்துக்கொண்டன. மிச்சமிருந்ததை நம் அன்பு எடுத்துக்கொண்டது. ‘நீங்க உட்காருங்கம்மா, நான் தூக்குறேன்’ என்று தண்ணீர்க் குடத்தை நாம் வாங்கிக்கொள்கிறோம். அந்தக் குடம்தான் அந்த அம்மாவுக்கு மிஞ்சியிருந்த எடை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் நடக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். படுத்துவிட்டவர்களைத் தேடி அவர் வருவது பெரிய காரியம். படுப்பதற்கு முன்பே, 65 வயது கடந்த ஒவ்வொருவரையும் நாற்காலியிலிருந்து எழச் சொல்லிப் பார்க்கவும், எடைப்பயிற்சி கற்றுத்தரவும் அந்தத் திட்டத்தில் இடம் வேண்டும். ஒரு மணல் பைக்கும் ஒரு நாற்காலிக்கும் ஆகும் செலவு, ஓர் இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சைக்கு ஆகும் செலவில் சிறு துளி.

அரசு செய்யும் வரை காத்திருக்க வேண்டாம். இன்று மாலை உங்கள் வீட்டுப் பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து, இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். 70 முதல் 74 வயது வரையுள்ள ஆண் 12 முறைக்கும், பெண் 10 முறைக்கும் குறைவாக எழுந்தால், நாளைக்கே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.